சரஸ்வதிக்குப் படைத்த துவக்கு

குலசிங்கத்தின் வீட்டில் இதுவரை களவு போனது ஒரேயொரு பொருள்தான். வாசலில் சாடியில் நின்ற கறிவேப்பிலைக் கன்று. எடுத்துப்போனவர் சாடியை விட்டுவிட்டு, வேர் அறாமல், மண்ணோடு சேர்த்துப் பக்குவமாகக் கிளப்பிப் போயிருந்தார். கறிவேப்பிலையின் அருமை தெரிந்த ஆள் என்பது அதிலேயே விளங்கியது. ஆக்லாந்தின் தெற்கே, அவர் குடியிருந்த தகனினியில் அந்த அருமை தெரிந்தவர்களை எல்லாம் குலசிங்கம் பெயர் சொல்லி அறிவார். பாதிப்பேர் அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஆனால் அந்தத் திசையில் அவர் யோசிக்கவேயில்லை.

"இண்டைக்குக் கறிவேப்பிலை, நாளைக்குக் கழுத்து" என்றார்.

அவருடைய மனைவி ரதிதேவி சிந்திக்கிடந்த மண்ணைக் கூட்டிக்கொண்டு நின்றாள். கறிவேப்பிலைக்கும் கழுத்துக்கும் என்ன தொடுசல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மனுசனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் அவருக்கு வேலை. வீடு உடைத்துக் களவு கொடுத்தவர்கள் எழுதி அனுப்புவதை வாசிப்பதுதான் அந்த வேலை. காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் நெம்பிய கதவு, உடைந்த ஜன்னல், காணாமற்போன டிவி. மோட்டர்வேயில் கார் ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பும்போது அந்தக் கதவுகளும் ஜன்னல்களும் அவரோடு கூடவே வரும். களவு போகாத வீடுகளிலிருந்து யாரும் எழுதிப் போடுவதில்லை. ஆகவே ஆக்லாந்தில் அப்படியான வீடுகளே கிடையாது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அப்படித்தான் சுடுகிற துவக்கு ஒன்று வாங்கும் யோசனை வந்தது.

இளந்தாரி வயதில் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவர் அவர். துவக்குச் சத்தம் கேட்கும் இடத்தில் எனக்கு நித்திரை வராது என்று இந்த நாட்டு அதிகாரிகளுக்கு முன்னால் கண்ணீர் விட்டவர். அது பொய்க் கண்ணீருமல்ல. இப்போது அதே மனுசன், கட்டிலுக்குப் பக்கத்தில் துவக்கு ஒன்று இல்லாவிட்டால் நித்திரை வராது என்று நின்றார்.

வீட்டைக் காக்கத் துவக்கு வேண்டும் என்று கேட்டால் இந்த நாட்டில் கொடுக்கமாட்டார்கள். வேட்டைக்கு என்றால் கொடுப்பார்கள். எனவே வாழ்நாளில் மச்ச மாமிசம் தொட்டறியாத, குளியலறையில் சிலந்தியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற குலசிங்கம், காட்டு வாத்தான தாரா சுடும் வேட்டைக்காரர் ஆனார்.

உரிமம் கொடுக்க முன்னர் ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். மனைவியைத் தனியே இருத்தியும் விசாரித்தாள்.

"உங்கள் கணவருக்குத் தாரா பிடிக்குமா?"

"சரியான விருப்பம்" என்றாள் ரதிதேவி.

"நீங்கள் எப்படிச் சமைப்பீர்கள்?"

"நாங்கள் சைவம்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆக்களுக்குக் குடுப்பார்" என்றாள் ரதிதேவி. அவளுக்குக் காது சுட்டது.

ஆனாலும் அந்த அதிகாரி சொல்லிப்போன விதிகள் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் அது கிடக்க வேண்டும். தோட்டாக்கள் வேறோர் இடத்தில், வேறொரு பூட்டுக்குள். வெறும் இரும்புக் குழாயைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு ஒரு மனுசன் நிம்மதியாகக் குறட்டை விடுவாரென்றால் விடட்டுமே என்று அவள் நினைத்தாள்.

துவக்கு வந்த பிறகு குலசிங்கத்தின் நடையே மாறிப்போனது. கடைக்குப் பால் வாங்கப் போகும்போதுகூடக் கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நடந்தார். கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்து, சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு மனுசன் எப்பவும் தயார் நிலையில இருக்க வேணும்" என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொன்னார். பக்கத்து இலைக்காரர் இரண்டாம் முறை பாயாசம் வருமோ என்று தயார் நிலையில் இருந்தார்.

ரதிதேவிக்கு வேறு யோசனைகள் இருந்தன. புக்கெகோஹியில் மரக்கறி பொதி கட்டும் இடத்தில் குளிருக்குள் நின்று நின்று அவளுடைய இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டு, படித்து, பரீட்சை எழுதி, வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி எடுத்தாள். முன் அறை பிள்ளைகளின் அறையானது. தாய் தகப்பன் வேலைக்குப் போகும் நான்கு குஞ்சுகள் காலையில் வந்து இறங்கும். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் யாரோடும் கதைப்பதுமில்லை. ஆனால் அந்த நான்கும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடிவரும் நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் போதும். இந்த நாட்டுக்கு வந்து அவள் விரும்பிச் செய்த முதல் வேலை அது.

அனுமதி கொடுத்த நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மின் செருகிகளுக்கு மூடி உண்டா, குளியலறைத் திராவகம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா, திரைச்சீலைக் கயிறு தொங்குகிறதா என்று எல்லாம் பார்த்தாள். இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்று, "உள்ளே வெறுமையாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். குலசிங்கம் இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டி, "நிச்சயமாக" என்றார். அந்த அம்மா திரைச்சீலைக் கயிற்றை மட்டும் உயர்த்திக் கட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நவராத்திரி வந்தது.

ஒன்பதாம் நாள் பின்னேரம் ரதிதேவி சாமி அலுமாரியின் கீழ்த் தட்டில் வெள்ளைத் துணி விரித்தாள். பிள்ளைகளின் படப் புத்தகங்கள், வர்ணப் பென்சில்கள், காயத்துக்குக் கட்டும் பெட்டி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினாள். அடுத்த நாள் பூசை முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது. அதனால் நாளைக் காலைக்கு வேறு விளையாட்டுச் சாமான்களை ஒதுக்கியும் வைத்திருந்தாள்.

துறைமுகப் பாலத்துக்கு அப்பால் கிளென்ஃபீல்டிலிருந்து குலசிங்கத்தின் சிநேகிதர் இராசரத்தினமும் மனைவி உஷாவும் பத்து வயது மகள் லோஜனாவும் வந்திருந்தார்கள். இராசரத்தினம் தன் கார்ச் சாவியைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தார்.

"குலம், உன்ர ஆயுதம் எங்க? கொம்பியூட்டரோ?" என்றார்.

அவர் பகிடியாகத்தான் கேட்டார். குலசிங்கம் எழுந்து படுக்கையறைக்குள் போனார். திரும்பி வந்தபோது பட்டு வேட்டியில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அறுந்து விழக்கூடிய பூமாலையைக் கொண்டுவருவதுபோல் அவ்வளவு பயபக்தி.

"என்னப்பா இது?" என்றாள் ரதிதேவி.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் பென்சிலே வைக்கிறது?"

"இதென்ன வேலை? கொண்டுபோய் உள்ள வையுங்கோ."

"நீர் சும்மா இரும். ராசாக்கள் வைச்சுக் கும்பிட்டது."

உஷா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ராசாவுக்கு நாளைக்குக் காலமை வேலை இல்லையோ?"

குலசிங்கம் துவக்கைப் படப் புத்தகங்களுக்கு மேலே கிடத்தினார். சந்தனம் குழைத்து அள்ளி அள்ளி அப்பினார். குங்குமச் சிமிழை லோஜனாவிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, நீங்கள் பொட்டு வையுங்கோ. சின்னப் பிள்ளையள் வைச்சால் விசேசம்."

"இஸ் இட் ரியல், அங்கிள்?"

"ஓம், சத்தியமான ரியல்."

அந்தப் பிள்ளை முழங்காலில் இருந்து, நாக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டு, மிகக் கவனமாகத் துவக்கின் வாயில் ஒரு பொட்டு வைத்தது. பிறகு குனிந்து, வட்டமாக வந்திருக்கிறதா என்று பார்த்தது.

கற்பூரம் காட்டினார்கள். தேவாரம் பாடினார்கள். குலசிங்கத்தின் குரல் வழக்கத்தைவிடக் கம்பீரமாக எழும்பியது.

பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தார்கள். பொங்கிய புக்கையும் கடலையும் மோதகமும். வெளியே வெயில் இன்னும் வேலியில் நின்றது. ரதிதேவி மட்டும் அலுமாரியைப் பார்த்தபடி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, சாப்பிட்டு முடிய அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ."

"படைச்ச பொருளை நாளைப் பூசைக்கு முதல் தொடக் கூடாதெண்டு உமக்குத் தெரியாதே?"

"காலமை பிள்ளையள் வருங்கள்."

"அலுமாரியைச் சாத்தினால் சரி."

"அதுக்குப் பூட்டுமில்லை, ஒண்டுமில்லை."

இராசரத்தினம் சமாதானத் தூதுவராகக் கையை உயர்த்தினார். "பயப்பிடாதை தங்கச்சி. வெறும் துவக்குத்தானே. தடி மாதிரிக் கிடக்கும்."

குலசிங்கம் மோதகத்தைக் கடித்தவர், மெல்லாமல் நின்றார்.

ரதிதேவிக்கு அந்த நிற்பு தெரியும். கார்க் காப்புறுதி முடிந்ததை மறைத்த நேரத்திலும், அவளுடைய தமக்கையின் கடிதத்துக்குப் பதில் போட மறந்த நேரத்திலும் அவருடைய தாடை இப்படித்தான் நின்றது.

"வெறும் துவக்குத்தானே?" என்றாள்.

அவர் மோதகத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"ரெண்டு கிடக்கு" என்றார்.

"என்ன ரெண்டு?"

"தோட்டா."

இராசரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படியே எழுந்து, நடப்பது தெரியாமல் நடந்து, உஷாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உஷா லோஜனாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளையின் கால்கள் நிலத்தில் இழுபட்டன.

"பூசைக்கெண்டு போட்டனீங்களோ?" என்றாள் ரதிதேவி.

"இல்லை. வாங்கின அண்டைக்குப் போட்டது."

"அண்டையில இருந்து?"

"தயாராய் இல்லாட்டி அதை வைச்சிருந்து என்ன பிரயோசனம்? கள்ளன் வந்து நிக்கேக்க, கொஞ்சம் பொறு தம்பி, தோட்டா கராஜுக்குள்ள கிடக்கு எண்டு சொல்லுறதே?"

"அப்ப அந்த அம்மா வந்து கேட்ட நேரமும் உள்ள கிடந்தது?"

அவர் சரஸ்வதியைப் பார்த்தார். சரஸ்வதி வீணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கழற்றுங்கோ" என்றாள்.

அப்போதுதான் இரண்டாவது உண்மை வெளியே வந்தது. அவருக்குக் கழற்றத் தெரியாது. உரிமத்துக்குப் படித்த காலத்தில் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தோட்டா போட்ட நாளிலிருந்து துவக்கை மடித்துத் திறக்கப் பயம். பெட்டியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். தூசி தட்டுவதுகூட எட்ட நின்று ஒரு நீளத் தும்புத்தடியால். திருடனுக்காகத் தயார் செய்துவைத்த துவக்குக்கு அந்த வீட்டில் பயந்து நடந்த ஒரே ஆள் அவர்தான். போதாக்குறைக்கு, அள்ளி அப்பிய சந்தனம் காய்ந்து, திறக்கும் நெம்பியைச் சுற்றிப் பொருக்குக் கட்டியிருந்தது.

"யூடியூப்பில பாக்கலாம்" என்றார்.

"குலம், நாங்கள் வெளிக்கிடப் போறம்" என்றார் இராசரத்தினம். "பாலத்தில ட்ராஃபிக் வந்திடும்."

"ட்ராஃபிக் எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"இல்லை, வரும்." தட்டில் இருந்த தன் கார்ச் சாவியைப் பார்த்தார். அது துவக்கின் வாய்க்கு நேரே கிடந்தது. "உஷா, உம்மட்டை இருக்கிற மற்றச் சாவியைத் தாரும்" என்றார்.

அவர்கள் போன பிறகு குலசிங்கம் திட்டங்கள் சொல்லத் தொடங்கினார். அலுமாரியின் கதவைக் கயிற்றால் கட்டலாம். நாளைக்குப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம். வேட்டைக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரன் வேலையிடத்தில் இருக்கிறான், சனிக்கிழமை வரச் சொன்னால் வருவான்.

"ஆருக்கும் ஒரு சொல்லுச் சொல்லத் தேவையில்லை" என்றார். "சொன்னால் என்ர உரிமம் போயிடும். உம்மட அனுமதியும் சேர்ந்து போயிடும். விளங்குதே?"

அது அவளுக்கு நன்றாகவே விளங்கியது. தொலைபேசியை எடுத்தால் முதலில் போவது அவளுடைய முன் அறை. புக்கெகோஹியின் குளிரும் கரட் மூட்டைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவள் அலுமாரிப் பக்கம் திரும்பினாள். வட்டமான குங்குமப் பொட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பொலிஸுக்கு அடித்தாள்.

இருவர் வந்தார்கள். மூத்த பெண்ணும் ஓர் இளைஞனும். சாமி இடம் என்று சொன்னதும் அந்தப் பெண் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினாள். துவக்கின் மேல் கிடந்த செவ்வந்திப் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். துணியால் சந்தனத்தைத் துடைத்து, நெம்பியை விரலால் தள்ளித் துவக்கை மடித்தாள். இரண்டு சிவப்புத் தோட்டாக்கள் அவளுடைய உள்ளங்கையில் வந்து விழுந்தன. முழு வேலையும் ஒரு மோதகம் தின்னும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"இதை எதற்காக இப்படி வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"தாரா" என்றார் குலசிங்கம்.

"இது அக்டோபர். தாரா சுடுவது மே மாதத்தில்."

"முன்கூட்டியே" என்றார்.

இளைஞன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று இருமினான்.

துவக்கும் தோட்டாக்களும் அவர்களோடு போயின. உரிமமும் போனது. ரதிதேவி அன்றிரவே நிறுவனத்து அம்மாவுக்குத் தானே அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.  நாங்கள் நேரில் வந்து முடிவு சொல்லும்வரை ஒரு பிள்ளையும் உள்ளே வரக்கூடாது என்று பதில் வந்தது. பிறகு தாய்மாருக்கு ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி ஏசினாள். ஒருத்தி நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தாள், அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. நான்காமவள் சிவானி. தமிழ்நாட்டுப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. வேலையில் நின்றிருப்பாள், எடுக்கவில்லை. வாயால் சொல்ல வேண்டிய விசயம் என்று, திரும்ப அழைக்கும்படி மட்டும் ரதிதேவி செய்தி விட்டாள்.

சிவானி அழைக்கவில்லை. காலையில் நேரே வந்து இறங்கினாள். ரதிதேவி குளித்துக்கொண்டிருந்தபடியால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தது குலசிங்கம்.

"அவவுக்குச் சரியான காய்ச்சல், தங்கச்சி. ரெண்டு மூண்டு நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவராதேங்கோ."

"ஐயோ, அக்காவுக்கா? டாக்டர்கிட்டப் போனாங்களா?"

அதற்குள் சிவானியின் மகள் பிரணவி சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அவருடைய கால்களுக்கிடையால் உள்ளே ஓடிவிட்டாள். ஈரத் தலையோடு வந்த ரதிதேவி அவளை நடையிலேயே மறித்துத் தூக்கினாள்.

"காய்ச்சலில்லை, சிவானி" என்றாள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிவானி, நோயாளி சொல்வதைக் கேட்கும் முகத்தோடு நின்று கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"என் பொண்ணு இங்க இருக்கறப்பல்லாம் அது எங்க இருந்துச்சு அக்கா?"

"படுக்கையறையில. இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி." சொல்லிவிட்டு ரதிதேவி கணவன் பக்கம் திரும்பினாள். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கேள்வியைத் தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "பூட்டித்தானே இருந்தது?"

குலசிங்கம் சாரத்தை ஒருமுறை இறுக்கிக் கட்டினார்.

"சொல்லுங்கோ."

"சாவி பூட்டிலயே கிடக்கும். அவசரத்துக்கு இருட்டில தேட ஏலாதெல்லோ" என்றார். "ஆக்கள் பாக்க வந்தால் எடுத்து இடுப்பில கொழுவுவன்."

 அந்தப் பெட்டி நின்ற அறைக்கும் முன் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு கதவு. பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது திறந்து திறந்து மூடுகிற கதவு.

சிவானி கையை நீட்டினாள். ரதிதேவி பிள்ளையைக் கொடுத்தாள். பிரணவி, "அன்ட்டி பை, அன்ட்டி பை" என்று தோளுக்கு மேலால் கத்தக் கத்த, சிவானி திரும்பிப் பாராமல் காருக்குப் போனாள்.

"பாத்தீரே?" என்றார் குலசிங்கம். "காய்ச்சலெண்டு விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது."

ரதிதேவி அவரைப் பார்க்கவில்லை. படியில் குப்புறக் கிடந்த இரண்டு சின்னச் சப்பாத்துகளைக் குனிந்து எடுத்து அவருடைய கையில் திணித்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

"நானோ?"

"ஓடுங்கோ!"

அவர் ஓடினார். சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் இளஞ்சிவப்புச் சப்பாத்துகளோடு, வெறுங்காலுடன் ஓடினார். கார் அப்போதுதான் நடைபாதையைத் தாண்டித் தெருவில் திரும்பி நின்றது. அவர் வருவதைச் சிவானி கண்ணாடிக்குள்ளால் கண்டாள். கார்க் கதவுகள் நான்கும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்ட சத்தம் வாசலில் நின்ற ரதிதேவிக்கே கேட்டது.

குலசிங்கம் கண்ணாடியைத் தட்டினார். சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது. அந்த இடைவெளிக்குள்ளால் சப்பாத்துப் போகாது. ஆனாலும் அவர் திணித்துப் பார்த்தார்.

"கீழ வச்சிடுங்க" என்றாள் சிவானி. "வச்சிட்டுத் தள்ளிப் போங்க."

அவர் குனிந்து இரண்டு சப்பாத்துகளையும் தெருவில் பக்கம் பக்கமாக வைத்தார். பின்பக்கமாகவே நடந்து ஒதுங்கினார்.

"இன்னும் தள்ளி."

அவர் எதிர்வீட்டு வேலி வரைக்கும் போய், இரண்டு கைகளும் தெரியும்படி நின்றார்.